மலையடிவாரத்தில் ஏர்கன் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை, பண்பொழி, வடகரை, கடையநல்லூர், கடையம் என மலையை ஒட்டிக் குடியிருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வீட்டில் ஏர்கன் வைத்திருப்பவர்களுக்கும், ஒன்று வாங்கிப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த மடல். நம் பக்கத்தில் ஏர்கன் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது, "அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்லா" என்பதுதான். விற்பவர் அதைச் சொல்லித்தான் விற்கிறார். வாங்கியவரும் அதைச் சொல்லித்தான் அடுத்தவருக்குக் காட்டுகிறார். அது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால் வரக்கூடிய கேடு பெரிது என்பதால் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். லைசென்ஸ் தேவைப்படாத ஏர்கன் உண்டு. சட்டம் தொடாத ஏர்கன் கிடையாது. அதிலும் சென்னையில் இருக்கிறவரைவிட, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிற நம்மிடம் சட்டம் இன்னும் நெருங்கி வந்து நிற்கிறது.

யாரும் கெட்ட எண்ணத்தில் வாங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஓட்டைப் பிரித்துக்கொண்டு அடுக்களைக்குள் இறங்கும் குரங்குக் கூட்டத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிற வீட்டம்மா, "ஒரு சத்தம் கேட்டாலாவது ஓடிப்போகுமே" என்று வாங்கச் சொல்லியிருப்பார். குரும்பையைப் பிடுங்கிப் போடும் குரங்கையும், கதிரைக் கொத்தும் மயிலையும், வாழையைத் தோண்டிச் சாய்க்கும் பன்றியையும் பார்த்து வயிறெரிந்த விவசாயி வாங்கியிருப்பார். சாரல் சீசனில் பலூன் சுடும் கடையில் நின்று குறி தவறாமல் சுட்ட பையன், வீடு திரும்பிய பிறகும் நச்சரித்ததால் அப்பா வாங்கியிருப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் நியாயமான கோபமோ பிள்ளைப் பாசமோ சட்டத்தின் முன்னால் நமக்கு உதவாது. ஆகவே முதலில் சட்டத்தை நிதானமாகப் பார்ப்போம்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதற்குக் கொடுத்திருக்கும் இலக்கணம் அகலமானது. வெடிமருந்தாலோ வேறு எந்த வகை ஆற்றலாலோ குண்டை வெளியே செலுத்தும்படி செய்யப்பட்ட எல்லாம் அதற்குள் அடங்கும். காற்றை அழுத்தி ஈயக் குண்டைத் தள்ளுகிற ஏர்கனும் அடங்கும். "இது துப்பாக்கியே இல்லை, விளையாட்டுச் சாமான்" என்று வாதாட இடமில்லை. அரசு செய்திருப்பதெல்லாம், அதில் வலுக் குறைந்த ஒரு வகையை உரிமம் எடுக்கும் கட்டாயத்திலிருந்து விலக்கியதுதான்.

அந்த வலுக் குறைந்த வகை எது என்பதற்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் எல்லை போட்டிருக்கின்றன. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கடைக்காரர்கள் .177 என்று சொல்வது இதைத்தான். குண்டு குழல் வாயை விட்டுப் புறப்படும்போது அதன் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. இரண்டில் எது மீறினாலும் உரிமம் வேண்டும். ஆகவே .22 என்று சொல்லி விற்கிற 5.5 மில்லிமீட்டர் ஏர்கனுக்கு லைசென்ஸ் கட்டாயம். அதை வைத்துக்கொண்டு "ஏர்கன்தானே" என்று இருந்துவிட முடியாது. நம் மாவட்டத்தில் உரிமம் கொடுக்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உரிமம் வேண்டிய துப்பாக்கியை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் ஜெயில் வரைக்கும் போகும்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் துப்பாக்கியாகவே வாங்குகிறார்கள். பிறகு "பவர் பத்தலை" என்று உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றி, கடினமான ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். அதற்குச் செய்முறை வீடியோக்கள் வேறு சுற்றுகின்றன. அப்படி மாற்றியதில் ஆற்றல் 20 ஜூலைக் கடந்துவிட்டால், கடையில் வாங்கியபோது இருந்த விலக்கு அந்த நிமிடமே போய்விடும். பில்லில் என்ன எழுதியிருந்தாலும் கையில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. சில வீடுகளில் அப்பாவுக்குத் தெரியாமலே மகன் இதைச் செய்திருப்பான்.

வாங்குவதானால் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் வாங்குங்கள். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள்; கொடுங்கள். பதிவேட்டில் பெயர் எழுதுவார்கள்; எழுதட்டும். குழல் அளவும் ஆற்றலும் குறித்த பில்லை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். எந்தக் கேள்வியும் கேட்காமல் ஒருவர் ஏர்கனை நீட்டினால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். பின்னால் பிரச்சினை வரும்போது அவர் இருக்கமாட்டார், நீங்கள்தான் நிற்பீர்கள்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று தோன்றினால், ஒரு பெல்லட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடைபோல விரிந்த சின்ன ஈயத் துண்டு. எடை அரை கிராம் அளவுதான். குழலை மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் இறுகுகிறது. மடங்கிய வாயில் இந்த ஈயத்தைச் செருகிக் குழலை நிமிர்த்தி, விசையை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் உதைக்கிறது. நசுங்கிய காற்று அந்த விரிந்த பின்பக்கத்தில் முட்டி, ஈயத்தைக் குழலோடு இறுக்கித் தள்ளுகிறது. சட்டம் விலக்கு அளிக்கும் மேல் வரம்பான 20 ஜூலில் இந்த அரை கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மனிதத் தோலைத் துளைக்க நொடிக்கு 100 மீட்டர் அளவு வேகமே போதும் என்பது தடயவியல் மருத்துவத்தில் தெரிந்த செய்தி. கண்ணைக் கிழிக்க அதைவிடக் குறைவாக இருந்தாலே போதும். லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கியே இந்த வேலையைச் செய்யும்.

பிரிட்டனில் ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாத வரம்பு ஏறத்தாழ 16 ஜூல். நம் நாட்டில் 20. அவர்கள் உரிமம் கேட்கிற வலுவை நாம் உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருள். அந்த அளவுக்கு நம் கையில் பொறுப்பு கூடுகிறது. அந்த நாட்டிலேயே ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. கிளாஸ்கோ நகரில் 2005ஆம் ஆண்டு இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஏர்கன் குண்டு தலையில் பாய்ந்து இறந்தது. பல ஆண்டுகள் விவாதம் நடந்து, 2015இல் தனிச் சட்டம் வந்து, 2016 டிசம்பர் 31 முதல் அங்கே எந்த ஏர்கனுக்கும் உரிமம் கட்டாயமாயிற்று. அந்தக் குழந்தையைக் கொல்ல வெடிமருந்து தேவைப்படவில்லை.

நம் ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வளவு வீடுகளில் ஒருவர் புறவாசலுக்கும் அடுத்தவர் அடுக்களைக்கும் நடுவில் பத்தடி இடைவெளி இருந்தால் அதிகம். மொட்டை மாடியிலிருந்து சுட்டால் குண்டு தன் குறியைத் தாண்டி இருநூறு மீட்டர் போகும். அங்கே யார் துணி காயப்போடுகிறார், எந்தக் குழந்தை விளையாடுகிறது என்று சுடுகிறவருக்குத் தெரியாது. கல் சுவரில் பட்டால் தெறித்துத் திரும்பி வரும். அலட்சியத்தால் ஒருவருக்குக் கொடுங்காயம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. உயிர் போனால் 106ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை. 2019இல் ஆயுதச் சட்டத்தில் சேர்த்த திருத்தம், பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகத் துப்பாக்கியைப் பயன்படுத்தினாலே இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் கொண்டாட்டத்துக்காகச் சுடுவதும் இதில் அடங்கும்.

இது வரைக்கும் சொன்னது நாட்டுக்கெல்லாம் பொது. இனிமேல் சொல்வதுதான் நமக்கென்று தனியாக உள்ளது.

நம் மேற்கு எல்லை முழுக்கக் காடு, அதுவும் பாதுகாக்கப்பட்ட காடு. 2015இல் நெல்லை வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. குற்றாலம் மலைக்காடு தொடங்கி, கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரிப் பக்கம் வரைக்கும் அது நீள்கிறது. பரப்பு 356 சதுர கிலோமீட்டருக்கு மேல். தெற்கே கடையம் வனச்சரகம் 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வடக்கே 2021 முதல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது, இந்த மலையின் காவலும் நம் பெயரோடு சேர்ந்துதான் வந்தது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. செண்பகாதேவி அருவிப் பாதையில் பைக்குள் ஏர்கனை வைத்துக்கொண்டு ஏறினால், சுட வேண்டாம், ஏறியதே குற்றம்.

34ஆவது பிரிவை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். சரணாலயத்துக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்ளும் குடியிருந்து, ஆயுத உரிமம் வைத்திருப்பவர்கள் தங்கள் பெயரை வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. அதோடு நிற்கவில்லை. ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்று ஆயுதம் வைத்திருப்பவர்களையும் அதே வாக்கியத்தில் சேர்க்கிறது. லைசென்ஸ் வேண்டாம் என்ற விலக்கில் ஏர்கன் வைத்திருக்கும் நாமும் அதில் வருகிறோம் என்றே நான் வாசிக்கிறேன். குற்றாலத்துக்கும் தென்காசி ஊருக்கும் ஐந்து கிலோமீட்டர்தான். இலஞ்சியும் மேலகரமும் அதற்கு நடுவில். செங்கோட்டையும் வடகரையும் மலையைப் பார்த்தபடியே இருக்கின்றன. பத்து கிலோமீட்டர் என்றால் நம்மில் பெரும்பாலோர் உள்ளே. அந்த எல்லைக்குள் புதிதாக ஆயுத உரிமம் தருவதற்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. உங்கள் வனச்சரக அலுவலகத்துக்குப் போய், "என்னிடம் ஒரு ஏர்கன் இருக்கிறது, பதிய வேண்டுமா, எப்படி?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் பிடித்து உள்ளே போடப்போவதில்லை. மறைத்து வைப்பதில்தான் ஆபத்து.

இனி குரங்கு விஷயத்துக்கு வருவோம். நம் வீட்டுக் கூரையில் ஓடும் நாட்டுக்குரங்கை யாரும் காட்டு விலங்காக நினைப்பதில்லை. ஆனால் 2022இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் குரங்கு முதலாம் அட்டவணைக்கு ஏற்றப்பட்டது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. மயிலும் அதில்தான் இருக்கிறது. முதலாம் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு சிறை. ஏழு ஆண்டு வரை போகலாம். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வேட்டை என்றால் கொல்வது மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். கொல்ல முயல்வதும் காயப்படுத்துவதும் சட்டத்தின் கண்ணில் வேட்டை. குறி தவறினாலும் வேட்டைதான். காடை, கவுதாரி, கிளி, மைனா ஆகியவற்றையும் சுடக் கூடாது. அவற்றுக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ. கைப்பற்றப்பட்ட துப்பாக்கியும் வண்டியும் அரசுக்குச் சொந்தமாகிவிடும் என்று 39ஆவது பிரிவு சொல்கிறது. சீசனுக்கு வெளியூரிலிருந்து காரில் ஏர்கனோடு வரும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். ஒரு கவுதாரிக்காகக் காரையே இழக்க நேரும்.

தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காப்பாற்றத் தாக்கியதைச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால் தென்னங்குரும்பையைக் காப்பாற்றச் சுட்டதை உயிர்த் தற்காப்பு என்று சொல்ல முடியாது.

"விரட்டத்தான் சுடுகிறோம், கொல்ல இல்லை" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். விரட்ட வேண்டியது சத்தம் என்றால், ஏர்கன் சத்தம் ஒரு சின்னப் பட்டாசுக்குக்கூட ஈடாகாது. அதனால் குரங்கு ஓட வேண்டுமானால் குண்டு பட வேண்டும். பட்ட குரங்கு உடனே சாவதில்லை. ஈயம் தசைக்குள்ளேயே தங்கிவிடும். புண் பழுக்கும். வாயால் நக்கி நக்கிப் பெரிதாக்கும். கூட்டத்தோடு ஓட முடியாமல் பின்தங்கி, மரத்தடியில் ஒடுங்கும். தாய்க்குரங்காக இருந்தால் வயிற்றில் தொங்கும் குட்டி விடாமல் பற்றிக்கொண்டே இருக்கும். தாய் விழுந்தால் அதற்கும் வாழ வழியில்லை. கூட்டத்தில் மீதி உள்ளவை மறுநாளும் வரும், ஏனென்றால் அவற்றை இழுத்துவருவது நம் வீட்டு உணவும் தெருக் குப்பையும்தான். அருவிக்கரையில் குரங்குக்கு வாழைப்பழமும் சிப்ஸும் நீட்டிப் போட்டோ எடுக்கும் ஒவ்வொரு கையும், அதை நம் அடுக்களைக்கு அனுப்பி வைக்கிறது. சீசன் முடிந்து கூட்டம் வடிந்ததும் அந்தக் குரங்குகள் எங்கே போகும்?

பன்றி விஷயத்தில் அரசு ஒரு வழி செய்திருக்கிறது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், உரிய முடிவுக்குப் பிறகு வனத்துறையினர் சுடலாம். வனத்துறையினர் என்பதைக் கவனியுங்கள். நம் கையில் இருக்கும் துப்பாக்கிக்கு அந்த அனுமதி எந்த வட்டத்திலும் இல்லை. தவிர, நல்ல வலுவுள்ள பன்றியை 4.5 மில்லிமீட்டர் குண்டு வீழ்த்தாது. காயம்பட்டு வெறி ஏறிய பன்றி மறுநாள் களை எடுக்க வரும் பெண்கள்மேல் பாயும். ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் போய் அடுத்தவர் உயிரோடு விளையாடுவதாக முடியும்.

வௌவாலையும் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சொல்லிப் பழந்தின்னி வௌவாலைச் சுடும் பழக்கம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. அது மருந்து என்பதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் கிடையாது. சீசனில் குற்றாலம் கடைகளில் துரியன் பழத்துக்கு எவ்வளவு கிராக்கி என்று நமக்குத் தெரியும். அந்தத் துரியன் பூ இரவில் விரிவது. வௌவால்களால்தான் பெரும்பாலும் மகரந்தம் மாறிக் காய் பிடிக்கிறது. வௌவாலைச் சுட்டு வீழ்த்திவிட்டுத் துரியன் விலை ஏறிவிட்டதே என்று புலம்பினால் அது யார் குற்றம்?

தம்பிமாரே, இனி உங்களோடு. பூலித்தேவன் பிறந்த நெற்கட்டும்செவல் நம் மாவட்டத்தில் இருக்கிறது. வாஞ்சிநாதன் பிறந்த செங்கோட்டையும் இங்கேதான். அந்தப் பெருமை உங்கள் ரத்தத்தில் ஓடுவது இயல்பு. அவர்கள் ஆயுதம் எடுத்தது தங்களைவிடப் பல மடங்கு வலுவான ஓர் ஆட்சிக்கு எதிராக. கையில் ஏர்கனும் காலடியில் செத்த புறாவுமாக ரீல்ஸ் போடுவதை அதோடு சேர்த்துப் பேசாதீர்கள். அந்த வீடியோ உங்களுக்கு எதிரான முதல் சாட்சியமாகவும் ஆகும்.

குறி பார்க்கும் கை உண்மையிலேயே உங்களுக்கு வாய்த்திருந்தால் அதற்கு நல்ல வழி இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் தங்கம் வாங்கிக் கொடுத்தது 10 மீட்டர் ஏர் ரைபிளில். 2024 பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வரை போனது ஏர் ரைபிளோடுதான். இவர்கள் எல்லோரும் சுட்டது 4.5 மில்லிமீட்டர் குண்டு. ஆனால் பின்னால் குண்டு தாங்கும் சுவர், பக்கத்தில் பயிற்சியாளர், கட்டளை வந்த பிறகே தொடும் விசை என்ற ஒழுங்குக்குள். பெற்றோரே, பிள்ளைக்கு ஆசை இருந்தால் மொட்டை மாடியில் விட்டுவிடாதீர்கள். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேருங்கள், ரைபிள் கிளப் இருக்கும் ஊருக்குக் கூட்டிப் போங்கள்.

துப்பாக்கியைத் தாமாக முன்வந்து கீழே வைத்த மக்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். அருணாச்சலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியது. வேட்டையைப் பரம்பரை வழக்கமாகக் கொண்ட பழங்குடி ஊர்கள் அவை. மறு ஆண்டு ஜனவரியில் பிரதமர் தம் வானொலி உரையில் குறிப்பிட்டபோது 1,600க்கும் மேற்பட்ட ஏர்கன்கள் ஒப்படைக்கப்பட்டிருந்தன. போலீஸ் வீடு வீடாகச் சோதனை போட்டுப் பறிக்கவில்லை. காட்டில் பறவைச் சத்தம் குறைந்துபோனதை உணர்ந்த மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கடையம் பக்கத்து மலையில் பிறக்கும் கடனாநதி தாமிரபரணியில் போய்ச் சேரும் இடம் திருப்புடைமருதூர். அங்கே ஊருக்குள் மரங்களில் வந்து கூடு கட்டும் நாரைகளையும் கொக்குகளையும் ஊர் மக்களே காலம் காலமாகக் காத்து வந்தார்கள். 2005 பிப்ரவரியில் அரசு அந்த இடத்தை இந்தியாவின் முதல் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவித்தது. மூன்று ஹெக்டேருக்கும் குறைவான இடம். நம் ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் ஊர்க்காரர்கள் செய்ததை, அந்த ஆறு பிறக்கும் மலையடியில் இருக்கும் நாம் செய்ய முடியாதா?

மக்களை மட்டும் சொல்லிவிட்டு அரசை விட்டுவிட்டால் இந்த மடல் நேர்மையாக இராது. விளைச்சல் போன விவசாயியின் கோபத்தில்தான் பாதி ஏர்கன்கள் பிறக்கின்றன. இழப்பீட்டு மனு மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தால், "சட்டத்தை மதி" என்ற பேச்சு எடுபடாது. மனு கொடுத்த உடனே வயலைப் பார்க்க வரட்டும். பணம் அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வரட்டும். குரங்குத் தொல்லை முற்றிய தெருக்களில் வனத்துறை கூண்டு வைத்துப் பிடிக்கட்டும். அருவிக்கரைகளில் தீனி போடுவதைச் சீசன் முழுக்கக் கண்காணித்துத் தடுக்கட்டும். குப்பைத் தொட்டிகளுக்குக் குரங்கு திறக்க முடியாத மூடி போடட்டும். ஏர்கன் விற்கும் ஒவ்வொரு கடையிலும் 4.5 மில்லிமீட்டர், 20 ஜூல், பத்து கிலோமீட்டர் பதிவு ஆகிய மூன்றையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடச் சொல்லட்டும். ஊர் ஊராக ஒரு நாள் முகாம் போட்டு, கேள்வி கேட்டு மிரட்டாமல், ஏர்கன்களைப் பதிந்துகொள்ளட்டும். வேண்டாம் என்பவர்களிடம் வாங்கிக்கொள்ளட்டும்.

நீங்கள் உடனே செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். ஏர்கனை எடுத்துக் குழல் அளவைப் பாருங்கள். 5.5 என்றோ .22 என்றோ இருந்தால் அதை யாருக்கும் விற்கவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். 4.5 என்றால், யாராவது ஸ்பிரிங் மாற்றினார்களா என்று வீட்டில் கேளுங்கள். குண்டைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவரே வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் கைக்கு ஏர்கன் எட்டாமல் பார்த்துக்கொள்வது வைத்திருப்பவரின் சட்டக் கடமை. நாம் அதை வீட்டுக் கட்டளையாகவே வைத்துக்கொள்ளலாம். வனச்சரக அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேளுங்கள். உயிருள்ள எதையும் நோக்கிக் குழலைத் திருப்புவதில்லை என்று வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் முடிவு செய்யுங்கள்.

அப்படி முடிவு செய்த பிறகு வீட்டில் அந்தத் துப்பாக்கிக்கு என்ன வேலை இருக்கிறது என்றும் ஒரு நாள் யோசியுங்கள். பலருக்கு ஒரு வேலையும் இருக்காது. அவர்கள் அதை ஒப்படைத்துவிட்டு ஜன்னலுக்குக் கம்பி வலை அடிக்கும் ஆசாரியைக் கூப்பிடலாம். செலவு குறைவு, குரங்கும் உள்ளே வராது, கேஸும் வராது.

இப்படிக்கு,
உங்களோடு இதே மலையடிவாரத்தில் குடியிருக்கும் ஒருவன்